ஆளுக்கு ஒரு முழங்கை மீன்

காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். மடியாகிய நான் சிவகங்கைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். காதோ ஜொகூரில், ரெங்கத்தை அடுத்த ரப்பர்த் தோட்டம் ஒன்றில், தொட்டிலில் கிடந்தது. "கோடை லீவில் உனக்கு என்ன வெட்டி முறிக்கிற வேலை? கப்பல் ஏறு" என்று அக்காள் எழுதிவிட்டாள். அக்காள் சொல்லி நான் மறுத்த காரியம் இதுவரை எதுவும் இல்லை.

கப்பலில் என் வயிறு பட்ட பாட்டை எழுதப் புகுந்தால் கட்டுரை அதற்கே போய்விடும். சிங்கப்பூரிலிருந்து ரயில் கடலின் மேலேயே போகிறது. கல்லைக் கொட்டி மேடு போட்டிருக்கிறார்கள், அக்கரை ஜொகூர். அத்தனை நாள் ஆடிய கடலை ஆடாமல் பார்த்ததும் எனக்கு அப்படி ஓர் உறக்கம் வந்தது. கண் விழித்தபோது ரெங்கம் போயே போய்விட்டது. வண்டி குளுவாங்கில் நின்றுகொண்டிருந்தது.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சீனர் காப்பிக்கடை வைத்திருந்தார். டிரங்குப் பெட்டியும் திருதிரு முழியுமாக நின்ற என்னைப் பார்த்து, "எந்தத் தோட்டம் லா?" என்றார், தமிழில். ரெங்கம் என்றேன். "தூங்கிட்டியா? அலமாக்! எல்லா ஆளும் தூங்கும். உக்காரு, காப்பி குடி" என்றார்.

கோப்பையின் அடியில் டப்பாப் பால் ஒரு விரற்கடை படிந்திருந்தது. அதன்மேல் தாரைப் போலக் காப்பி. பக்கத்து மேசைக்காரர்கள் சாஸரில் ஊற்றி உறிஞ்சினார்கள், நானும் ஊற்றினேன். நம் ஊர்க் காப்பிக்கு முன்னால் இதைக் காப்பி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் இரண்டாவது கோப்பை கேட்டேன்.

உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு மலாய்ப் பெரியவர்கள். ஏதோ கவலையாகப் பேசிக்கொண்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கடைக்காரரைக் கேட்டேன். "ஆத்துல மீனு குட்டி போட்டுடுச்சாம். குட்டியோட போற மீனைப் பிடிக்கக்கூடாது, ஆனா ஆளுங்க கேக்கலன்னு பேசுறாங்க" என்றவர், என்னை ஒரு பார்வை பார்த்து, "உங்க ஆளுங்கதான் லா, கேக்காதது" என்று சேர்த்துக்கொண்டார். வந்து இறங்கிய அரை நாளில் என்மேல் ஒரு குற்றச்சாட்டு வந்துவிட்டது. எனக்குத் தூண்டில் பிடிக்கக்கூடத் தெரியாது.

ரெங்கத்துக்குத் திரும்பும் லாரி ஒன்றில் அவரே என்னை ஏற்றிவிட்டார். தோட்டத்துக் கடைகளுக்குக் கருவாடு கொண்டுபோகும் லாரி அது. டிரைவர் பக்கத்தில் இடம் இல்லாததால் மூட்டைகளின்மேல் உட்கார்ந்தேன். வழி நெடுக இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், வகுப்பில் வரிசையாக நிற்கவைத்த பிள்ளைகளைப் போல. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே காட்சிதான் என்பதால் எனக்குக் கருவாட்டைத் தவிர வேறெதிலும் கவனம் செல்லவில்லை.

அக்காள் வாசலுக்கு ஓடி வந்தாள். கல்யாணமாகிக் கப்பலேறியவளைப் பல வருஷம் கழித்துப் பார்க்கிறேன். கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்று நானும் தயாராக நின்றேன். பக்கத்தில் வந்தவள் மூக்கைச் சுளித்தாள். "ஏன்டா தம்பி, இப்படிக் கருவாடு நாறுற? போ, போய்க் குளி மொதல்ல!"

அத்தான் மாணிக்கம் அந்தத் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். பருத்த உடம்பு, எந்நேரமும் வெள்ளைக் கோட்டு, தலையில் காக்கித் துணி போட்ட பெரிய சோலாத் தொப்பி. லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கும் கூலி ஜனங்கள் அவரைக் கிராணி ஐயா என்பார்கள். ஊரில் அவரை ஐயா என்று யாரும் கூப்பிட்டது கிடையாது என்பது எனக்கும் அக்காளுக்கும் மட்டும் தெரியும்.

அன்றைக்கு இலையில் ஆற்று மீன் குழம்பு. புளி குறைச்சல், தேங்காய்ப் பால் கூடுதல். நம் பக்கத்தில் இப்படி வைத்தால் மாமியார் கேள்வி கேட்பாள். நான் மூன்று தரம் சோறு வாங்கினேன். மீனைப் புகழ்ந்ததும் அத்தானுடைய முகம் மலர்ந்துவிட்டது. அக்காளுக்கு முகம் சிறுத்துவிட்டது.

"அந்த ஆறு எனக்குச் சக்களத்தி தம்பி. ஞாயித்துக்கெழமை ஆனா இவரு அங்கதான். குடித்தனம் வந்த நாள்ல இருந்து நான் அந்தப் பக்கம் கால் வச்சதில்ல. வைக்கவும் மாட்டேன்."

"அவ அப்படித்தான் சொல்லுவா மாப்ளே. குழம்புச் சட்டிய வழிக்கிறது யாருன்னு கேளு" என்றார் அத்தான்.

மறுநாள் அவர் என்னைத் தோட்டம் சுற்றிக் காட்டினார். ரப்பர் விலை விழுந்து கிடந்த சமயம். பாதி லயம் பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டு ஜனங்களையெல்லாம் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். இருப்பவர்களுக்கும் கூலியைக் குறைத்துவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டு, கடைக் கருவாட்டோடு காலத்தை ஓட்டினார்கள். குழந்தைகளுக்குப் பச்சை மீன் என்று ஒன்று வாயில் விழுந்தால் அது ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் இருந்து வந்ததுதான்.

ஆற்றில் ஒரு மடு இருந்தது. அதற்குத் தோட்டத்துக்குள்ளிருந்து வழி இல்லை. வெள்ளைக்காரத் துரை தன் பங்களாப் பக்கமாக வேண்டுமானால் காரில் சுற்றிக்கொண்டு போகலாம். லயத்து ஜனங்கள் மலாய்க் கம்பத்தின், அதாவது மலாய்க்காரர்களுடைய கிராமத்தின் வழியாகப் போய், ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். ஓடையின்மேல் பாலமாகக் கிடந்தது ஒரே ஒரு தென்னந்தண்டு. அந்தத் தண்டுக்குக் காவல், கம்பத்துத் தலைவர் பாக் ஹசான். தண்டை அவர் தம் பக்கம் இழுத்துக்கொண்டால் லயத்துக்கு ஆறு இல்லை.

ஒரு தடவை இழுத்தும் இருக்கிறார். அந்தக் கதையை அத்தான் நடந்துகொண்டே சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பும் வெட்கமும் வந்தன.

லயத்தில் முக்கால்வாசிப் பேர் எங்கள் சீமைக்காரர்கள். எங்கள் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது அழிகண்மாய் என்று ஊர்கூடி இறங்கி, இருக்கிற மீனையெல்லாம் அள்ளிவிடுவது வழக்கம். அள்ளாவிட்டால் சேற்றில் கிடந்து செத்து நாறும்; ஆகவே ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் எடுப்பதுதான் நியாயம். மழை வந்தால் கண்மாய் நிறையும், மீனும் வரும். புதிதாக வந்த நம் ஜனங்கள் இங்கே ஒரு வெயில் காலத்தில் மடுவில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதைப் பார்த்ததும், ஆகா, அழிகண்மாய் என்று துள்ளிக் குதித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மண் அணை போட்டு, சேற்றைக் கலக்கி, கூடை கூடையாக அள்ளி, பொங்கல் வைத்துக் குலவையும் இட்டிருக்கிறார்கள். கம்பத்து ஜனங்கள் கரையில் நின்று வாயைப் பிளந்து பார்த்தார்களாம்.

"இது வத்துற தண்ணி இல்ல மாப்ளே. ஓடுற தண்ணி. மடுவுல கெடந்த மீனுதான் அடுத்த வருஷத்து மீனுக்கு ஆத்தா அப்பன். அது எங்களுக்குத் தெரியல. ரெண்டு வருஷம் அந்த ஆத்துல தவளைகூட கெடைக்கல. கம்பத்துலயும் பட்டினி, லயத்துலயும் பட்டினி. பாக் ஹசான் தண்ட இழுத்துட்டாரு."

பிறகு அத்தான் போய்க் கம்பத்தில் உட்கார்ந்து, கெஞ்சி, லயத்து ஜனங்களுக்குத் தாமே பிணையாக நின்று, ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார். மீனைச் செவுளில் கோத்துக் கட்டப் பிரம்பு வேண்டுமல்லவா? அதை இங்கே ரோத்தான் என்கிறார்கள். தண்டைத் தாண்டும் ஒவ்வொருவருக்கும் அவரவர் முழங்கை நீளத்துக்கு ஒரு ரோத்தான். அதில் கோத்தது போக ஒரு மீன்கூட எடுக்கக் கூடாது. குஞ்சோடு திரியும் விராலைத் தொடவே கூடாது. தோட்டத்து ஆள் யார் மீறினாலும், அது கூலியோ துரையோ, தண்டு இழுக்கப்படும். இதுதான் சட்டம்.

காது குத்து விருந்துக்கு மீன் வேண்டும் என்று அடுத்த நாள் பொழுது சாய அத்தான் கிளம்பினார். என்னைக் கூப்பிட்டார். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதே என்றேன். "உன் மூளை வேணாம் மாப்ளே, முழங்கை போதும்" என்றார். லயத்திலிருந்து முனியன் என்று ஒருவனையும் அழைத்துக்கொண்டார். முனியனுக்கும் தூண்டில் ராசி கிடையாது. ஆனால் நின்றால் விரல்கள் முழங்காலைத் தொடும். ஊரில் கை நீளம் என்றால் அது வசவு. இங்கே அது ஒரு தகுதி என்று கண்டுகொண்டேன். கடைசியாக, அக்காள் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்துத் தொட்டிலிலிருந்து குழந்தை வள்ளியையும் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பாக் ஹசான் ஓடைக்கரையில் ஒரு சின்னக் குடிலில் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். வெற்றிலை போட்ட வாய், சிரிக்காத முகம். முனியனுடைய கையை அளந்து வெட்டும்போது ஒரு பெருமூச்சு விட்டார். என் கையை அளந்து மலாயில் ஏதோ சொன்னார். "படிச்ச கை, கட்டையா இருக்குங்கறார்" என்று முனியன் மொழிபெயர்த்தான். அத்தான் வள்ளியை முன்னால் நீட்டினார். பாக் ஹசான் குழந்தையைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கமும் மாறவில்லை. சட்டம் சட்டம்தானே? அவளுடைய முழங்கையை மிகுந்த மரியாதையோடு அளந்து, ஒரு துண்டு வெட்டி, வளைத்து, வளையலாக அவள் கையிலேயே மாட்டிவிட்டார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மடு தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. இரு கரையிலும் மரங்கள் கவிந்து, உள்ளே நுழைந்தால் வெயிலே இல்லை. அத்தான் தூண்டிலைப் போட்டதும் வேறு ஆளாகிவிட்டார். வீட்டில் ஓயாமல் பேசுகிற மனிதர் மூச்சுவிடுவதுகூடக் கேட்கவில்லை. மீன் கடித்ததும் அவருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே தூண்டில் பிடிக்க ஆசை வந்துவிட்டது.

ரோத்தான்கள் நிறைந்தன. அப்புறமும் ஒன்று மாட்டியது, கெண்டையைப் போல, உள்ளங்கை அகலத்துக்கு. அத்தான் அக்கம்பக்கம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மீனை உள்ளே வைத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

திரும்பும்போது குடிலுக்கு முன்னால் தொப்பி ஒரு துள்ளுத் துள்ளியது. நெற்றியில் தண்ணீர் வழிந்தது. பாக் ஹசான் நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னார். அதன் பொருள், "கிராணிக்கு இன்றைக்கு நன்றாக வேர்க்கிறது." அத்தானும், "ஆமாம், புழுக்கம்" என்று மலாயில் சொல்லிவிட்டு நடந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

வழியில் நான் வாத்தியார் தொழிலைக் காட்டினேன். "பிணை நின்ற ஆளே இப்படிச் செய்யலாமா?" என்றேன்.

"ஒண்ணு ஒளிக்கிறது வேற மாப்ளே, அள்ளுறது வேற."

"ஒவ்வொருத்தரும் தொப்பிக்கு ஒன்று எடுத்தால்?"

"எல்லார்கிட்டயும் தொப்பி இல்லியே" என்றார். ஆனால் சிறிது தூரம் போனதும், தாமாகவே, "அந்த மனுஷனுக்குத் தெரியும். தெரிஞ்சும் விடுறாரு. அதான் உறுத்துது" என்றார்.

காது குத்து சீரும் சிறப்புமாக நடந்தது. நான் மடி கொடுத்தேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் வள்ளிக்கு முன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் போட்ட சத்தத்தில் பங்களாத் துரையே வந்துவிட்டார் என்று அத்தான் சொன்னார். உண்மையில் துரை அழைப்பின் பேரில்தான் வந்தார். நடுவயது, சிவந்த முகம், கூச்ச சுபாவம். பரீட்சை எழுதிப் பாஸ் செய்த தமிழ் பேசினார். குழந்தைக்கு ஒரு வெள்ளிக் கரண்டி கொடுத்தார். இலையில் உட்கார்ந்து மீன் வறுவலை ஒரு பிடி பிடித்தார்.

"கிராணி, இந்த மீன் எந்த ஆற்றிலே?" என்றார்.

அங்கேதான் அத்தானுக்கு நாக்கில் சனி பிடித்தது. யாராவது மீனைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவருக்கு உலகம் மறந்துபோகும். மடுவைச் சொன்னார். ஆழத்தைச் சொன்னார். குஞ்சோடு ஒரு விரால் திரிகிறது என்று சொல்லி, அது இவ்வளவு நீளம் என்று கையை விரித்தார். துரையின் கண்கள் பெரிதாவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் விரித்தார்.

"நல்லது. ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து என் சிநேகிதர் வருகிறார். தூண்டிலில் அவர் பெரிய ஆள். நீயும் கூட வா" என்றார் துரை.

விரித்த கை விரித்தபடியே நின்றது. துரை போன பிறகு அத்தான் சாப்பிடவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நான் என்ன செய்ய மாப்ளே? வேணாம்னு சொன்னா அடுத்த கப்பல்ல என் பேரு இருக்கும். சொல்லாம விட்டா தண்டு போயிடும். இந்தப் புள்ளைங்க கருவாட்டத் தின்னுட்டுக் கெடக்கணும்." லயத்துக் குழந்தைகள் அப்போது பந்தியில் உட்கார்ந்து மீன்முள்ளை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவருக்காக எனக்கு மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை துரையும் சிநேகிதரும் காரில் மடுவுக்கு வந்து சேர்ந்தார்கள். நானும் அத்தானும் சாப்பாட்டுக் கூடையோடு அவர்களுக்கு முன்பே போயிருந்தோம். சிநேகிதர் உயரமானவர், மீசைக்காரர். அவருடைய தூண்டிலைப் பார்த்து முனியன் வகையறா சாமி கும்பிட்டிருப்பார்கள். அப்படி ஒரு பளபளப்பு. புழு கிடையாது. கண்ணாடியைப் போல மின்னும் ஓர் உலோகத் துண்டைத் தண்ணீரில் எறிந்து இழுத்தார்.

பாக் ஹசான் குடிலிலிருந்து எழுந்து வந்து, வழக்கம்போல் இருவர் கையையும் அளந்து ரோத்தான் வெட்டிக் கொடுத்தார். தையற்காரன் அளவெடுக்கிறான் என்று சிநேகிதர் சிரித்தார். துரையும் சிரித்தார். தோட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு என்று அத்தான் ஆங்கிலத்தில் மென்று விழுங்கிச் சொல்லிப் பார்த்தார். "வேடிக்கையாக இருக்கிறது" என்று துரை சொன்னதோடு அது முடிந்தது.

அவர்களுக்கு மீன் வேண்டியதில்லை, பிடிப்பதுதான் வேண்டியிருந்தது. சிறிது நேரத்தில் ரோத்தான்கள் நிறைந்தன. பிறகு கோணிச் சாக்கைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒவ்வொரு மீனையும் தூக்கிப் பிடித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு சாக்கில் எறிந்தார்கள். சாக்கு துடித்தது. எங்கள் ஊரில் கண்மாயில் அள்ளுகிறவனுக்குப் பசி உண்டு, நாளைக்குத் தண்ணீர் இராது என்ற காரணமும் உண்டு. இங்கே இரண்டும் இல்லாததால் எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. அத்தானின் கோட்டு முதுகில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அவருக்கு வேர்த்தது உண்மையான வேர்வை.

அப்போது மடுவின் நடுவில், தண்ணீருக்கு மேலாகச் செக்கச்செவேலென்று ஒரு திட்டு எழும்பியது. ஆயிரம் சின்ன வாய்கள் குமிழி விட்டன. விரால் குஞ்சுகள்! அவற்றுக்கு அடியில் கறுப்பாக ஒரு நிழல் சுற்றி வந்தது. தாயோ தகப்பனோ, அதைப் பிடித்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் அத்தனை குஞ்சையும் மற்ற மீன்கள் தின்றுவிடும் என்று அத்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

சிநேகிதர் விசிலடித்தார். குஞ்சுகளுக்கு நடுவே எறிந்தால் அந்தப் பெரிய மீன் கோபத்தில் பாய்ந்து வந்து கவ்வும் என்று துரையிடம் சொன்னார். தூண்டிலைத் தயார் செய்தார்.

ஓடை மடுவில் வந்து சேரும் இடத்தில், தம் குடிலுக்குத் திரும்பியிருந்த பாக் ஹசான் எழுந்தார். மெள்ள நடந்து போய், குனிந்து, தென்னந்தண்டின் முனையில் கையை வைத்தார். தண்டு போனால் துரைக்குக் கார்ப் பாதை இருக்கிறது. லயத்துக்கு எது இருக்கிறது? அத்தான் அதைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன்.

சிநேகிதர் கையை ஓங்கினார். அடுத்து நான் கண்டது, வெள்ளைக் கோட்டு, கால்சட்டை, சப்பாத்து, சோலாத் தொப்பி எல்லாவற்றோடும் கிராணி மாணிக்கம் மடுவின் நடுவே தொபுக்கென்று விழுந்ததைத்தான். அந்த உடம்பு விழுந்த விழுகையில் தண்ணீர் கரையேறி எங்கள் சாப்பாட்டுக் கூடையை நனைத்தது. செந்திட்டு சிதறி மறைந்தது. கறுப்பு நிழலும் காணோம். தொப்பி மட்டும் தனியாக மிதந்து போயிற்று.

சிநேகிதர் கத்தினார். என்ன வார்த்தைகள் என்று எனக்குப் புரியவில்லை, புரியாததே நல்லது. அத்தான் மார்பளவு தண்ணீரில் எழுந்து நின்றார். மூக்கிலிருந்து சேறு வழிந்தது.

துரை கரையின் விளிம்புக்கு வந்தார். அவருடைய முகம் இன்னும் சிவந்திருந்தது. சிநேகிதருக்குப் புரியாதபடி தமிழில் கேட்டார்: "கிராணி, கால் வழுக்கிவிட்டது, இல்லையா?"

வழுக்கிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். துரையே வழி காட்டுகிறார். சொல்லுங்கள் அத்தான், சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் அடித்துக்கொண்டேன். வள்ளியின் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

"இல்லீங்க தொரை," என்றார் அத்தான். "வழுக்கல. நாந்தான் குதிச்சேன்."

துரை அவரைப் பார்த்தார். பிறகு சாக்கைப் பார்த்தார். சிநேகிதர், அவன் என்ன சொல்கிறான் என்று ஆங்கிலத்தில் அதட்டினார்.

"கால் வழுக்கிவிட்டதாம்" என்றார் துரை. தம் தூண்டிலைச் சுருட்டத் தொடங்கினார்.

அவர்கள் போன பிறகு பாக் ஹசான் தண்டை விட்டுவிட்டு வந்து அத்தானுக்குக் கை கொடுத்துக் கரையேற்றினார். தம் வீட்டிலிருந்து ஒரு கட்டம் போட்ட கைலி கொண்டுவந்து உடுத்தச் செய்தார். சிரிக்காத அந்த மனிதர் அன்றைக்குச் சிரித்தார். சிரிப்பை அடக்கமாட்டாமல் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். அத்தான் மட்டும் பற்கள் அடித்துக்கொள்ள நின்றார். வீட்டு வாசலில் அக்காள் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். நடந்ததையெல்லாம் நான் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் துண்டை எடுத்து அவருடைய தலையைத் துவட்டினாள். "கோட்டயாவது கழட்டி வச்சிட்டுக் குதிச்சிருக்கலாம்" என்றாள்.

மறுநாள் விடியுமுன் பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு இங்கே அதுதான் பெயர். அத்தான் கிளம்பிப் போனதிலிருந்து நானும் அக்காளும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். அவளும் வள்ளியும் என்னோடு கப்பலேற வேண்டியிருக்குமோ என்று நான் ஊரில் எந்த அறையை ஒழித்துக் கொடுக்கலாம் என்பது வரை யோசித்துவிட்டேன். அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை.

வெயில் ஏறி அவர் வந்தார். திக்கித் திணறிச் சொன்னார். வேலை போகவில்லை. மடுவில் இனித் தோட்டத்துத் துரைமார் யாரும் மீன் பிடிப்பதில்லை என்று துரை சொல்லியிருக்கிறார். ஆனால் அத்தான் இனி இந்த ஆபீஸில் இல்லை. காட்டுக்குள்ளே இருக்கிற உள் டிவிஷனுக்கு மாற்றம். இந்த வாரமே போக வேண்டும். சிநேகிதர் பெரிய மனிதர், கம்பெனியில் செல்வாக்கு உள்ளவர். ஏதாவது செய்து காட்ட வேண்டியிருக்கிறது என்று துரை முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாராம்.

"அங்க வீடு இருக்கா?" என்றாள் அக்காள்.

"இருக்கு. சின்னது."

"ஆறு?"

அத்தான் தலையை ஆட்டினார். "கெணறுதான். அஞ்சாறு மைலுக்கு ஆறு, கொளம் எதுவும் கெடையாது." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வேலை போகவில்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டிய மனிதர் குழந்தையைப் போல விசும்பினார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அக்காள் முந்தானையால் அவருடைய முகத்தைத் துடைத்தாள்.

"எதுக்கு இப்ப? ஞாயித்துக்கெழமை காலைல எந்திரிச்சு நடந்தா வெயிலுக்கு முன்னாடி இந்த ஆத்துக்கே வந்து சேந்துறலாம். நானும் வர்றேன். தூண்டி வேணாம். அந்தக் குஞ்சுங்க வளந்துருச்சான்னு பாத்துட்டு வருவோம்."